வரப்பில் வந்து போனவர் யார்?
விலங்குகளின் தடம் அறியும் முறை

2024ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் காவிரிப் படுகை மக்கள் சில நாட்கள் தரையைப் பார்த்தே நடந்தார்கள். மயிலாடுதுறை நகரில் இரவு வேளையில் ஒரு சிறுத்தை நடமாடியது கண்காணிப்புக் காமிராவில் பதிவாயிற்று. சில பள்ளிகளுக்கு விடுமுறை விடப்பட்டது. வனத்துறையினர் கூண்டுகள் வைத்தனர். தானியங்கிக் காமிராக்களை மரங்களில் பொருத்தினர். தடம் அறிவதில் தேர்ந்தவர்களை மேற்கு மலைப் பகுதியிலிருந்து வரவழைத்தனர். சிறுத்தையோ ஓரிடத்தில் நிற்கவில்லை. குத்தாலம் பக்கத்தில் அதன் தடம் தேடப்பட்டது. ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் அது கொள்ளிடத்திற்கு வடக்கே, அரியலூர் மாவட்டத்துச் செந்துறையில் காணப்பட்டதாகச் செய்தி வந்தது.

மயிலாடுதுறை நமது திருவிடைமருதூருக்கு இருபது மைலுக்கும் குறைவான தொலைவிலேயே உள்ளது. ஆகவே அந்நாட்களில் நம் வட்டத்திலும் அச்சம் பரவியதில் வியப்பில்லை. ஈர மண்ணில் கண்ட காலடியெல்லாம் சிறுத்தையின் காலடியாகவே பலருக்குத் தோன்றிற்று. மலையும் காடும் இல்லாத நெல்வயல் நாட்டில் வாழும் நமக்குத் தடம் பார்க்கும் பழக்கம் குறைந்துபோனதே இதற்குக் காரணம். அறியாமையிலிருந்து அச்சமும், அச்சத்திலிருந்து வீண் செலவும், சில வேளைகளில் உயிர்ச்சேதமும் விளைகின்றன. இவ்விஷயத்தில் நமது அங்கத்தினர்களுக்குப் பயன்படக்கூடிய செய்திகளை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

தடம் அறிவது யாருக்கு வேண்டும்?

தடம் பார்ப்பது வேட்டைக்காரனின் வித்தை என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அது உழவனின் வித்தை. இரவில் வயலில் இறங்கியது எலியா, நண்டா, பன்றியா, மயிலா என்று தெரிந்தால்தான் எதற்குப் பரிகாரம் தேடுவது என்று தெரியும். எலி செய்த சேதத்திற்கு நரியின்மேல் பழி போட்டால், நரியும் சாகும், எலியும் பெருகும். ஏனெனில் எலியைத் தின்பவற்றுள் நரியும் ஒன்று.

வந்தது இன்னதென்று பாராமல் செய்யும் காரியம் எத்தகைய கேட்டில் முடியும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறலாம். 2023ஆம் ஆண்டு மார்ச் மாதம் தருமபுரி மாவட்டம் மாரண்டஅள்ளி அருகே, காட்டுப்பன்றிக்கென்று சட்டத்துக்கு மாறாக மின்சாரம் பாய்ச்சப்பட்ட வேலியில் சிக்கி மூன்று யானைகள் மாண்டன. மின்கம்பிக்குப் பன்றி என்றும் யானை என்றும் மனிதன் என்றும் வேறுபாடு தெரியாது. எலிக்கெனக் கம்பி கட்டிய வயலில் மனித உயிர் போவதையும் நாம் கேள்விப்படுகிறோம். கண்ணால் அறிந்து செய்யவேண்டிய காரியத்தைக் கம்பியிடம் ஒப்படைப்பது தகாது.

பூனை இனமா, நாய் இனமா?

தடம் கற்போர் முதலில் கற்கவேண்டியது இவ்வேறுபாடேயாகும். சிறுத்தை, காட்டுப்பூனை, வீட்டுப்பூனை ஆகியவை ஓர் இனம். நாய், நரி ஆகியவை மற்றோர் இனம். இரண்டுக்கும் மண்ணில் நான்கு விரல்களே பதியும். எனினும் கூர்ந்து நோக்கினால் நான்கு வேற்றுமைகள் புலப்படும்.

முதலாவது, நகம். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். ஆதலால் தடத்தில் நகக்குறி காணப்படுவதில்லை. நாயின் நகம் விரலுக்கு முன்னே புள்ளிபோல் பதியும். ஆனால் வழுக்குச் சேற்றில் பூனையும் நகத்தை நீட்டும். இறுகிய மண்ணில் நாயின் நகமும் பதியாமல் போகும். எனவே நகம் ஒன்றையே நம்புதல் கூடாது.

இரண்டாவது, வடிவம். பூனை இனத்தின் தடம் ஏறக்குறைய வட்டமாயிருக்கும். நாய், நரி ஆகியவற்றின் தடம் அகலத்தைவிட நீளம் மிகுந்திருக்கும்.

மூன்றாவது, உள்ளங்காலின் பின்விளிம்பு. பூனை இனத்தில் இவ்விளிம்பு மூன்று மடிப்பாகப் பிரிந்து காணும். நாய் இனத்தில் அவ்வாறு மூன்றாகக் காணாது. உள்ளங்காலின் முன்பக்கமும் முக்கோணம்போல் குறுகியிருக்கும்.

நான்காவது, விரல்களின் அமைப்பு. நாயின் தடத்தை நடுவில் கோடு கிழித்துப் பிரித்தால் இடமும் வலமும் ஒத்திருக்கும். விரல்களுக்கும் உள்ளங்காலுக்கும் இடையே உள்ள மேட்டில் பெருக்கல் குறி போன்ற ஒரு குறுக்குக்கோடு தெரியும். பூனை இனத்தில் ஒரு விரல் மற்றவற்றைவிடச் சற்று முன்தள்ளி நிற்கும், இருபுறமும் ஒவ்வா.

இந்நான்கையும் பார்த்த பிறகே அளவைப் பார்க்கவேண்டும். வீட்டுப்பூனையின் தடம் ஓர் அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட அகலமுடையது. வெருகு என்று பழைய நூல்கள் கூறும் காட்டுப்பூனையின் தடம் சுமார் இரண்டு அங்குலம். சிறுத்தையின் தடம் மூன்று அங்குலம் அளவில் இருக்கும். பெரிய நாயின் தடமும் மூன்று அங்குலம் இருக்கக்கூடும். ஆகவே அளவை மட்டும் கண்டு சிறுத்தை என்று கூவுவது தவறு. மூன்று அங்குலத் தடத்தில் நகக்குறியும் நீள்வடிவமும் கண்டால் அது தெருநாய் என்று எண்ணி நிம்மதியாக இருக்கலாம். வட்டமாய், நகமின்றி, பின்விளிம்பு மூன்று மடிப்பாய் இருந்தால், அதன்மேல் ஒரு கூடையைக் கவிழ்த்துவிட்டு வனத்துறைக்குச் சொல்லியனுப்புவதே முறை.

நமது வயலுக்கு வருவோர்

நெல்வயல் நாட்டில் விலங்கே இல்லை என்பது நகரவாசிகளின் எண்ணம். உண்மை வேறு. குறுவை அறுவடைக்குப் பின்னும், சம்பாப் பயிர் பால்கட்டும் பருவத்திலும், கோடையில் ஆறு வறண்டு மணல் திட்டாகக் கிடக்கும் காலத்திலும் விடியற்காலையில் சென்று பார்த்தால், இரவெல்லாம் அங்கே ஒரு சந்தை நடந்திருப்பது தெரியவரும்.

நரியின் தடம் நாயினுடையதைவிடச் சிறியது, ஒடுங்கியது. சுமார் இரண்டு அங்குல நீளமிருக்கும். நடுவிரல் இரண்டின் அடிப்பகுதிகளும் ஒன்றோடொன்று ஒட்டியிருப்பது நரிக்கே உரிய அடையாளம். மேலும், நாய் வளைந்து நெளிந்து மோப்பம் பிடித்து அலையும். நரி ஒரு காரியமாகச் செல்பவனைப்போல நேர்கோட்டில் செல்லும். எலி, நண்டு, உதிர்ந்த பழம் ஆகியவை அதன் உணவு.

கீரிக்கும் மரநாய்க்கும் ஐந்து விரல்கள் பதியும். கீரியின் தடம் சிறிது. நகம் நீண்டு பதியும். மரநாய் மதில்மேலும் தோப்பிலும் திரிவது. அதன் எச்சத்தில் பழக்கொட்டைகள் அப்படியே கிடக்கும். எச்சத்தைப் பார்த்தே அதனை அறிந்துகொள்ளலாம்.

நீர்நாய் ஆற்றோரத்து விருந்தாளி. அதற்கும் ஐந்து விரல். விரல்களுக்கிடையே சவ்வு இருப்பதால் ஈரமணலில் கால் விரிந்து பதியும். கனத்த வால் இழுபட்ட கோடும் சில இடங்களில் காணும். மீன் செதிலும் முள்ளும் கலந்த எச்சத்தை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இடுவது அதன் வழக்கம். இந்த அடையாளம் கண்டால் அந்த ஆற்றில் மீன்வளம் இன்னும் உண்டு என்று மகிழலாம்.

உடும்பின் தடத்தில் இருபுறமும் நீண்ட விரல்களும் நடுவே வால் இழுத்த பள்ளமும் இருக்கும். முயல் குதித்துச் செல்வது. முன்கால்கள் ஒன்றன்பின் ஒன்றாகவும், அவற்றிற்கு முன்னே பின்கால்கள் பக்கம்பக்கமாகவும் விழும். மயிலின் காலடி கோழியினுடையதைப் போன்றதே; ஆனால் மிகப் பெரியது. 1963ஆம் ஆண்டு முதல் தேசியப் பறவையாகத் திகழும் மயில், அக்காலத்தில் காணாத ஊர்களிலெல்லாம் இன்று வயலில் இறங்குவதை உழவர்கள் அறிவார்கள்.

காட்டுப்பன்றியின் தடம் பிளவுபட்ட குளம்பு. ஆட்டின் குளம்பும் பிளவுபட்டதே. ஆயின் பன்றியின் குளம்புக்குப் பின்னே, இருபுறமும் சற்று அகன்று, பின்விரல்கள் இரண்டு புள்ளிகளாகப் பதியும். ஆட்டுக்குச் சாதாரண மண்ணில் அவ்வாறு பதிவதில்லை. மேலும், பன்றி வந்த இடத்தில் மண் ஏர் பூட்டியதுபோல் கிளறப்பட்டிருக்கும்.

எலி வளையைப் படிக்கும் முறை

இவ்வளவு விருந்தினர்க்கிடையே உண்மையான பகைவன் சிறிய உருவமுடையவன். நம் நெல்லைத் தின்பதிலும் வீணாக்குவதிலும் எலிக்கு இணையில்லை. வரப்பில் வளை தோண்டி நெற்கதிரைச் சேமித்துவைக்கும் கரம்பை எலி, புல் எலி, வயல் சுண்டெலி ஆகியவை நமது வயல்களில் காணப்படுபவை.

எலியின் முன்காலில் நான்கு விரலும் பின்காலில் ஐந்து விரலும் பதியும். இடையே வால் இழுத்த மெல்லிய கோடு காணலாம். ஆயினும் எலியைக் காலடியால் தேடுவதைவிட அதன் வேலையால் அறிவது எளிது. எலி கடித்த தூர் சாய்வாக வெட்டப்பட்டிருக்கும். வரப்போரத்தை விட்டுவிட்டு வயலின் நடுப்பகுதியில் சேதம் செய்வது அதன் தந்திரம். வெளியிலிருந்து பார்ப்பவனுக்குப் பயிர் நன்றாகவே தோன்றும். நண்டோ இளநாற்றை அடியில் நறுக்கித் தன் வளைக்கு இழுத்துச் செல்லும். நண்டு வளையின் வாய் வட்டமாய், சேற்று உருண்டைகள் சூழ்ந்திருக்கும். கரம்பை எலியின் வளையின்முன் புதுமண் குவிந்திருக்கும். பல வேளைகளில் வாயே மண்ணால் அடைபட்டிருக்கும்.

எந்த வளையில் எலி இருக்கிறது என்பதை அறிய ஒரு செலவில்லாத வழி உண்டு. மாலையில் வரப்பிலுள்ள எல்லா வளைகளையும் மண்ணிட்டு மூடிவிடவேண்டும். மறுநாள் காலையில் எவை திறந்திருக்கின்றனவோ அவற்றில்தான் எலி குடியிருக்கிறது. அவ்விடங்களில் மட்டும் கிட்டி வைத்தால் போதும். மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்யும் இக்கிட்டி தஞ்சாவூர்க் கிட்டி என்ற பெயராலேயே வேளாண் நூல்களில் இடம்பெற்றிருப்பது நமது நாட்டுக்குப் பெருமை. வரப்பை ஒடுக்கமாக அமைத்தால் எலி வளை தோண்ட இடமிராது. வயலில் ஆங்காங்கே ஆந்தை அமர்வதற்குத் தாங்கி நட்டுவைத்தால், இரவுக் காவலை அது ஊதியமின்றிச் செய்யும். கண்டபடி நஞ்சு வைத்தால் அந்த ஆந்தையும் எலியைத் தின்று மடியும். காவலாளியை நாமே கொன்றவர்களாவோம்.

இம்முறைகளைப் பற்றி மேலும் அறிய விரும்புவோர் வெகுதூரம் போகவேண்டுவதில்லை. 1922ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம் நமக்கு அண்மையிலேயே இருக்கின்றது.

நெசவாளர் கண்

தடம் பார்ப்பது உழவருக்குரியது, தறியில் அமர்வோர்க்கு இதில் என்ன என்று நமது நெசவாள அங்கத்தினர்கள் கேட்கலாம். உண்மையில் இக்கலை அவர்களுக்கே விரைவில் கைவரும். ஓர் இழையைக் கொண்டு புடைவையின் தரத்தைத் திருபுவனத்து நெசவாளர் எவரும் கூறமாட்டார். பாவும் ஊடையும் சேர்ந்து, கரையில் ஒரே உருவம் எத்தனை இழைக்கு ஒரு முறை திரும்ப வருகிறது என்று பார்த்தே சொல்வார். தடமும் அத்தகையதே. ஒற்றைத் தடம் பொய் சொல்லும். சேறு சரிந்தோ, வேறொரு கால் மேலே விழுந்தோ உருமாறும். பத்துத் தடங்களை வரிசையாகப் பார்த்தால், எந்தக் காலுக்கு எந்தக் கால், எவ்வளவு இடைவெளி, நடந்ததா ஓடியதா என்பவையெல்லாம் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரும். அந்த ஒழுங்கு குலைந்த இடத்தில் ஒரு செய்தி இருக்கும்: விலங்கு நின்றிருக்கும், திரும்பிப் பார்த்திருக்கும், அல்லது ஓர் இரையின்மேல் பாய்ந்திருக்கும்.

பார்க்கும் நேரமும் முக்கியம். உச்சி வெயிலில் தடம் தட்டையாகத் தோன்றும். காலையிலோ மாலையிலோ சாய்ந்த வெயிலில், தடம் சூரியனுக்கும் நமக்கும் நடுவில் இருக்குமாறு நின்றால், விளிம்பின் நிழல் எழுந்து வடிவம் தெளியும். தடத்தின்மேல் மிதியாமல் ஓரமாக நடப்பது முதற்பாடம். விளிம்பு கூர்மையாய் இருந்தால் புதியது; உலர்ந்து உதிர்ந்திருந்தாலும், அதன்மேல் பூச்சி ஊர்ந்த கோடு இருந்தாலும் பழையது. பனி விழுந்த காலையில் தடத்திற்குள் பனி படிந்திருக்கிறதா என்று பார்த்தால், நள்ளிரவுக்கு முன்னோ பின்னோ என்பதைக்கூட ஊகிக்கலாம்.

இருளர் கூட்டுறவுச் சங்கம்

தடம் அறியும் கலை ஒரு கூட்டுறவுச் சங்கத்தையே தாங்கி நிற்கும் வரலாறு நமது மாநிலத்தில் உண்டு. செங்கல்பட்டுப் பகுதியில் வாழும் இருளர்கள் தலைமுறை தலைமுறையாகப் பாம்பும் எலியும் பிடித்து வாழ்ந்தவர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபின், பாம்புத்தோல் வணிகம் முடிவுக்கு வந்தது. பலருடைய பிழைப்புக்கு வழியில்லாமற்போயிற்று. இந்நிலையில் 1978ஆம் ஆண்டு, ரோமுலஸ் விட்டேக்கர் என்பவரின் முயற்சியால், இருளர் பாம்பு பிடிப்போர் தொழிற்கூட்டுறவுச் சங்கம் தோன்றி, வடநெம்மேலியில் இயங்கலாயிற்று. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, நஞ்சு எடுத்து, சில வாரங்களில் மீண்டும் காட்டில் விட்டுவிடுவது அதன் தொழில். அந்நஞ்சிலிருந்தே பாம்புக்கடிக்கு முறிமருந்து செய்யப்படுகின்றது.

இது சிறிய உபகாரமன்று. 2020ஆம் ஆண்டு வெளிவந்த ஓர் ஆய்வு, இந்தியாவில் ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் இறக்கின்றனர் என்று மதிப்பிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் கிராமத்தவர்கள்.

இருளர் ஒருவர் வரப்பில் நடக்கும்போது நாம் காணாதவற்றைக் காண்கிறார். புழுதியில் நெளிந்த கோடு, வளையின் வாயில் உடல் உராய்ந்து வழவழப்பான இடம், உரித்த சட்டையின் துணுக்கு, எச்சத்தின் நிறம் ஆகிய ஒவ்வொன்றும் அவருக்கு ஓர் எழுத்து. 2017ஆம் ஆண்டு தொடக்கத்தில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருவர் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திற்கு அழைக்கப்பட்டனர். அங்கே அயலிலிருந்து வந்து பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகள் உள்நாட்டு விலங்குகளைத் தின்று தீர்த்துக்கொண்டிருந்தன. அவற்றைக் கண்டுபிடிப்பதே பெரும்பாடாயிருந்தது. இவ்விருவரும் முதல் இரண்டு வாரங்களுக்குள் 13 மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். அவற்றுள் ஒன்று 16 அடி நீளமுடைய பெண்பாம்பு. 2023ஆம் ஆண்டு இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிச் சிறப்பித்தது. மண்ணைப் படிக்கும் அறிவும் ஓர் அறிவே என்பதை நாடு ஒப்புக்கொண்டதாக நாம் இதனைக் கொள்ளவேண்டும்.

நம் உழவர்க்கு இதில் ஒரு பாடம் உண்டு. எலி உள்ள வரப்புக்குப் பாம்பு வரும். அறுவடைக்கு இறங்குமுன் வரப்பையும் வைக்கோற்போரின் அடியையும் ஒரு முறை பார்த்துக்கொள்வது காலுக்குக் காப்பு. கடிபட்டால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் கேடு. காலை அசைக்காமல் உடனே மருத்துவமனைக்கு எடுத்துச் செல்வதே கடமை.

தடத்தின் எல்லை

தடம் சொல்லாதவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். ஒரிசாவைச் சேர்ந்த வனத்துறை அதிகாரி சரோஜ் ராஜ் சௌத்ரி, 1966ஆம் ஆண்டில் புலியின் தடத்தைக் கண்ணாடிமேல் வரைந்தெடுத்து எண்ணும் முறையை வகுத்தார். 1972ஆம் ஆண்டு நாடு முழுவதும் புலிகள் அம்முறைப்படி எண்ணப்பட்டன. ஆனால் ஒரே புலியின் தடம் மணலில் ஒருவிதமாகவும் களிமண்ணில் வேறுவிதமாகவும் விழும். எண்ணுவோர் அதனை இரண்டு புலி என்று கொள்ள இடமுண்டு. ராஜஸ்தானத்துச் சரிஸ்காவில், கணக்கில் இருந்த புலிகள் காட்டில் ஒன்றுகூட இல்லை என்பது 2005ஆம் ஆண்டு வெளிப்பட்டது. அதன்பின் தானியங்கிக் காமிராவைக் கொண்டு, ஒவ்வொரு புலிக்கும் வேறுபடும் உடல்வரிகளைப் பார்த்து எண்ணும் முறை நடைமுறைக்கு வந்தது.

தடம் யார் வந்தார் என்பதைச் சொல்லும். எத்தனை பேர் வந்தார் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்லாது. ஒரு பன்றி இரவெல்லாம் உலவினால் காலையில் பத்துப் பன்றி வந்ததுபோல் தோன்றும். நஷ்டக்கணக்குச் சொல்லும்போது இதனை மனத்திற் கொள்வது நன்று.

சங்கங்கள் செய்யத்தக்கவை

இக்கலையைப் பயில்வதற்குப் பொருட்செலவு இல்லை. வரப்பின் மூலையில் நான்கு முழச் சதுரத்தில் மண்ணைப் பொடித்து, நீர் தெளித்துச் சமன்செய்து வைத்தால், அது ஓர் இரவுப் பதிவேடாகும். காலையில் பார்த்து, ஓர் அளவுகோலை அருகில் வைத்துப் படமெடுத்துக்கொள்ளலாம். கைப்பேசி இல்லாத வீடு இன்று அரிது. அளவுகோல் இல்லாத படத்தால் பயனில்லை. நல்ல தடம் கிடைத்தால், அதைச் சுற்றி அட்டையை வளையமாக நிறுத்தி, நீர் ஒரு பங்குக்குப் பாரிஸ் சாந்து இரண்டு பங்கு வீதம் கரைத்து ஊற்றினால், அரைமணி நேரத்தில் அச்சு இறுகிவிடும். அத்தகைய அச்சுகள் சிலவற்றைச் சங்க அலுவலகத்தில் பெயரெழுதி வைத்தால், பள்ளிப் பிள்ளைகளுக்கும் பாடமாகும். மற்றொரு வதந்தி எழும்போது ஒப்பிட்டுப் பார்க்கவும் உதவும்.

அங்கத்தினர்கள் தத்தம் வயலில் கண்ட தடம், எச்சம், சேதம் ஆகியவற்றை நாளும் இடமும் குறித்து ஒரே குறிப்பேட்டில் எழுதி வருதல் நன்று. ஒருவருடைய வயல் ஓர் இரவைச் சொல்லும். ஐம்பது பேருடைய வயல்கள் சேர்ந்தால் ஓர் ஆண்டையே சொல்லும். எலி எந்த வாய்க்கால் வழியாகப் பரவுகிறது, பன்றி எந்தத் தோப்பில் தங்குகிறது என்பவை தனியொருவர்க்குப் புலப்படாதவை, சங்கத்திற்குப் புலப்படும். எலியொழிப்பும் அவ்வாறே. ஒருவர் மட்டும் கிட்டி வைத்தால் எலி அடுத்த வயலுக்குப் போய்த் திரும்பும். ஊரார் ஒரே வாரத்தில் வைத்தால் போக்கிடம் இராது. மன்னம்பந்தல் அ.வ.அ. கல்லூரியில் வனவிலங்கு உயிரியல் கற்பிக்கப்படுகின்றது. அங்குள்ள ஆசிரியர் ஒருவரையும், வனத்துறை அலுவலர் ஒருவரையும், ஊரில் கிட்டி வைக்கும் முதியவர் ஒருவரையும் ஒரே மேடையில் அமர்த்தி ஒரு பிற்பகல் பேசச் செய்தால், சங்கம் தன் அங்கத்தினர்க்குப் பெரும் நன்மை செய்ததாகும். அம்மூவருள் முதியவரை முதலில் பேசச் சொல்வது நமது விண்ணப்பம்.

மேட்டூர் நீர் வந்து வாய்க்கால்கள் நனையுமுன், ஆற்று மணல் காய்ந்து கிடக்கும் கோடைக்காலமே இப்பயிற்சிக்கு ஏற்றது. விடியற்காலையில் ஒரு நாழிகை கரையோரம் நடந்து பாருங்கள். பத்து நாளில் நாயையும் நரியையும் பிரித்தறியலாம். ஒரு பருவம் முடிவதற்குள் நமது வரப்பில் வந்து போனவர் எவர் என்பதைப் பிறரைக் கேளாமலே சொல்லலாம்.